குடும்ப அட்டையில் நாலாவது பெயர்

பில்பாவோ
14.06.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அண்ணி, மேனுகா, வீட்டு மாடு கன்றுகள்கூட ஒரு குறையுமில்லாமல் இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

லண்டனுக்கென்று புறப்பட்டவன் மூன்று வருடமாகப் பாஸ்க் நாட்டில் மீனைத் தகரத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறேன். என் விதியைப் பார்த்து நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. இங்குள்ளவர்களை ஸ்பெயின்காரர் என்று சொன்னால் முறைப்பார்கள். தனிப் பாஷை, தனிப் பிடிவாதம். எனக்கு அது பழக்கமான சங்கதிதான்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலைக்கு முன்னாலுள்ள கோப்பிக் கடைக்குக் கொல்டோ என்று ஒருவர் வருவார். பெரிய நகரத்துக் கழகத்தில் எட்டு வருடம் முன்கள வீரர். அறுபத்தொரு கோல். முழங்கால் உடைந்த பிறகு வலை விற்றுத் திரிந்தவர், இப்போது இந்த ஊர் அணிக்கு மனேச்சர். அவருக்கு ஒரேயொரு சட்டம்: இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவன் மட்டுமே அணியில் ஆடலாம். வெளியாள் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் வேண்டாம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் உங்களைத்தான் நினைப்பேன்.

மகன் தர்சன் பள்ளி விடுமுறைக்கு உங்களிடம் வர ஆசைப்படுகிறானாம். தாய் போன இந்த நாலு வருடமும் பூவரசங்குளத்தில் விமலேஸ்வரி மச்சாள்தான் தங்கச்சியின் பிள்ளையென்று அவனைப் பார்க்கிறா. பதின்மூன்று வயதாகிறது, எந்நேரமும் பந்துதானாம். அவன் கால் எப்படியென்று பார்த்து எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
தவராசா


அக்கராயன்
20.08.2003

அன்புள்ள தம்பி தவத்துக்கு,

கடவுள் துணையால் இங்கு எல்லோரும் நலம். நீயும் குளிரில் விறைக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

உன் கொல்டோவை நான் முழுதாக நம்பவில்லை. அறுபத்தொரு கோல் என்று அவரே சொன்னாரா, எண்ணினவர் யாரும் சொன்னாரா? முன்கள வீரனாக இருந்தவன் மனேச்சரானால் ஒருவரையும் நம்பமாட்டான். பின்னால் நிற்கிறவன் பந்தைத் தருவானா மாட்டானா என்று சந்தேகப்பட்டே அவன் காலம் போயிருக்கும். பதின்மூன்று வருடம் முன்களத்தில் நின்று மனேச்சரான எனக்குத் தெரியாதா? இப்போது வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறவனைக்கூட ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

தர்சன் வந்து மூன்று கிழமையாகிறது. இடக் கால். பந்தைத் தடுக்கிறவனின் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்து ஓடுகிறான். அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எங்கள் அணியில் அப்படி ஒருவன் இல்லை.

ஆனால் அவனை இறக்க வழியில்லை. இரணைமடுச் சுற்றுப்போட்டியில் சில கழகங்கள் மன்னாரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பெயரில் ஆடவிட்டார்கள். நான்தான் சத்தம் போட்டேன். அதனால் இப்போது ஊர்க் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவன் மட்டுமே ஆடலாம் என்று விதி. தர்சனின் பெயர் விமலேஸ்வரியின் வவுனியா அட்டையில் இருக்கிறது. என் வாயே எனக்கு வினையாகிவிட்டது.

உன் அன்புள்ள அண்ணன்
ஐயாத்துரை

பி.கு: சித்தப்பா, அப்பாவின் அணிப் பட்டியல்களை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். அவர் எழுத்தை நடுவர் வாசிக்கமாட்டார். சம்பளம் தருவதில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். மேனுகா.


பில்பாவோ
10.02.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் எல்லோரின் சுகமும் அதுபோலவே என்று நம்புகிறேன். மேனுகாவின் சம்பளத்தைத் தாமதிக்காமல் கொடுக்கவும்.

கொல்டோவைப் பற்றி ஒரு புதினமான சங்கதி. அவருடைய அணியில் ஆடும் கெட்டிக்காரப் பையன் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனே இல்லை. தெற்கிலிருந்து வந்த மீனவரின் மகன். கொல்டோ தன் சகோதரி வீட்டு விலாசத்தில் அவனைப் பதிந்துவிட்டார்! ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. பையன் கோல் போடுகிறானே.

நீங்களும் தர்சனை உங்கள் அட்டையில் சேர்த்துவிடுங்கள். அவன் என் பிள்ளை, உங்கள் இரத்தம். இதில் கள்ளம் ஒன்றுமில்லை. மச்சாள் போனில் கத்துகிறா. "என்ர அட்டையில இருந்து பெடியனை வெட்டினா, பிறகு அவன் எந்தப் பக்கத்து ஆள்?" என்று கேட்கிறா. அவவுக்கு எல்லாவற்றிலும் பயம். இப்போது சமாதான காலம், பாதை திறந்து கிடக்கிறது. எந்த அட்டையில் இருந்தால் என்ன?

அன்புத் தம்பி
தவராசா


அக்கராயன்
02.05.2004

அன்புள்ள தம்பிக்கு,

யாவரும் சுகம். உன் சுகத்துக்கும் குறைவிருக்காது.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். அட்டை பதிகிற ஊர் விதானையார் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "பேர் ஏத்திறது லேசு ஐயாத்துரை, இறக்கிறதுதான் கரைச்சல்" என்றார். அந்த மனிதன் காரணமில்லாமல் கதைக்கிறவர் இல்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன். சும்மா சொன்னதாம். இரண்டு நாள் எனக்கு நித்திரை சரியில்லை.

பிறகு தர்சன் ஆடினான், எல்லாம் மறந்துபோயிற்று. முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். இரண்டாவது கோலுக்கு எதிரணி மனேச்சரே கை தட்டினார். பள்ளிக்கூடமும் இங்கேயே மாற்றியாயிற்று. இப்போது எங்கள் அட்டையில் நாலு பேர்: நான், கமலாசனி, மேனுகா, தர்சன். சமைக்கிறவளிடம் கேட்டால் ஆறு பேருக்குச் சமைப்பதாகச் சொல்வாள். அவன் சாப்பாடு அப்படி.

கொல்டோ சங்கதியில் எனக்கு ஒன்று இடிக்கிறது. இன்னொருவன் பிள்ளையைத் தன் விலாசத்தில் ஏற்றியவர், அவனுக்கு ஒன்று நடந்தால் யாருக்குப் பதில் சொல்வார்?

அன்புள்ள அண்ணன்
ஐயாத்துரை

பி.கு: சித்தப்பா, தம்பி என் சைக்கிளைப் பறித்துவிட்டான். அதற்கும் ஒரு விதி இருந்தால் எழுதுங்கள். மேனுகா.


பில்பாவோ
03.10.2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் கேட்டு எழுதக்கூட அவசரமாக இருக்கிறது. எல்லோரும் சுகமா?

திரும்பவும் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டி இரண்டு மாதமாகிறது. தொலைக்காட்சியில் எங்கள் பக்கம் பற்றி அரை நிமிடம் காட்டினார்கள், பிறகு கொல்டோவின் அணி மேல் பிரிவுக்கு ஏறியதைக் கால் மணித்தியாலம் காட்டினார்கள். ஊரே வெடி கொளுத்தியது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் தர்சன் வென்ற கிண்ணத்தின் படம் என் அறையில் இருக்கிறது. எனக்குக் கிண்ணம் போதும், பிள்ளை வேண்டும். அவனை எப்படியாவது ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி மச்சாளிடம் சேர்த்துவிடுங்கள். அங்கிருந்து என்னிடம் எடுக்க நான் ஒழுங்கு செய்கிறேன். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அண்ணா.

தம்பி
தவராசா


அக்கராயன்
15.01.2007

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். உன் கடிதம் பத்துக் கிழமை கழித்துக் கையில் கிடைத்தது. ஒட்டின இடத்தில் வேறு பசை. இதை உனக்கு முன்னால் இரண்டு மூன்று பேர் வாசிப்பார்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

தர்சனுக்குப் பயண அனுமதி கேட்டேன். வவுனியா அட்டையில் இருந்திருந்தால் பெரியம்மாவிடம் போகிறான் என்று சொல்லியிருக்கலாம். இப்போது அவன் அக்கராயன் பிள்ளை. இந்த வயதுப் பிள்ளையை அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள்.

இந்த மாதச் சுற்றுப்போட்டியில் அவனை நான் இறக்கவில்லை. முழங்காலில் நோவு என்று சொன்னேன். நோவு கொஞ்சம் இருக்கிறதுதான். மைதானத்தைச் சுற்றி இப்போது ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் குறைவு, ஆட்டக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். புதிய முகம் ஒவ்வொன்றையும் நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். நாங்கள் மூன்றுக்குப் பூச்சியம் தோற்றோம்.

அண்ணன்
ஐயாத்துரை

பி.கு: சித்தப்பா, தம்பி ஆடாததால் என்னோடு கோபம், பட்டியலில் இருந்து நான்தான் பெயரை வெட்டினேனாம். நீங்கள் யோசிக்க வேண்டாம், நான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன். மேனுகா.


பில்பாவோ
22.04.2007

அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

மச்சாளோடு நேற்றுக் கதைத்தேன். சண்டைக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறார்களாம். உங்கள் அட்டையில் இரண்டு பிள்ளைகள். இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. வாசிக்கிறவர்களுக்குப் பயந்து எழுதவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்துகிறேன்.

இங்கே ஒன்று நடந்தது, கேளுங்கள். போன மாதம் ஒரு முக்கியமான ஆட்டம். கொல்டோவின் சொந்த மகனும் அந்தத் தெற்கத்திப் பையனும் இருவருமே காலில் காயத்தோடு இருந்தார்கள். ஒருவன் இறங்கித்தான் ஆகவேண்டும். கொல்டோ மகனை மைதானத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மற்றவனுக்கு ஊசி போட்டு இறக்கினார். அவன் இனி ஒருபோதும் ஆடமாட்டானாம். கோப்பிக் கடையில் கொல்டோவோடு இப்போது யாரும் கதைப்பதில்லை. நானும்தான்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தர்சனை ஏன் நீங்கள் ஆடவிடவில்லை? உண்மையிலேயே முழங்கால்தானா? அவன் கையெழுத்தில் இரண்டு வரி அனுப்புங்கள்.

தவராசா


அக்கராயன்
30.07.2007

தம்பி தவத்துக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய்.

இங்கு மழையில்லை. குளத்தில் தண்ணீர் குறைவு, சிறுபோகம் பாதிதான் விதைத்தோம். கமலாசனிக்குக் கொஞ்சம் சுகமில்லை, சாப்பாடு செல்லுதில்லை. வீட்டில் இப்போது மூன்று பேர்தான்.

மனேச்சர் வேலையை விட்டுவிட்டேன். அணி என்று சொல்லவும் ஆளில்லை. உன் கொல்டோவைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மேலே எழுத ஒன்றுமில்லை.

ஐயாத்துரை


பில்பாவோ
09.09.2007

ஐயாத்துரை அண்ணாவுக்கு,

சுகம் கேட்க மனம் வரவில்லை.

மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லையாம். தர்சனின் கையெழுத்துக் கேட்டேன், அவன் பெயர்கூட அந்தக் கடிதத்தில் இல்லை. நான் மீன் வெட்டுகிறவன்தான், மூன்றில் யார் யார் என்று கணக்குப் பார்க்கத் தெரியாதவன் அல்ல. அப்பா, அம்மா, மகள்.

உங்கள் மகளை வாங்கில் இருத்திவிட்டு என் மகனை இறக்கிவிட்டீர்கள். தாயில்லாத பிள்ளை, தகப்பன் தூரத்தில். கேட்க யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அவனை வளர்த்ததெல்லாம் இதற்குத்தானா? அண்ணியின் கை எப்படி அதற்குப் பிறகும் சோறு போடுகிறது?

இனி எனக்கு அண்ணன் இல்லை. அவன் எங்கே என்று மட்டும் எழுதுங்கள். பிறகு எழுத வேண்டாம்.

தவராசா


பூவரசங்குளம்
11.02.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

நான் விமலேஸ்வரி பெரியம்மா வீட்டுக்கு வந்து ஆறு நாளாகிறது. முழங்கால் வைத்தியத்துக்கென்று அனுமதி கிடைத்தது. உங்களோடு போனில் கதைக்கலாம்தான், ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

போன மே மாதம் மேனுகா அக்கா போய்விட்டா. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. காலையில் என் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்துவிட்டு, "கடைக்குப் போட்டு வாறன்" என்றா. பின்னேரம்தான் அவ தானாகப் போய்ப் பெயர் கொடுத்தது தெரிந்தது. ஒரு பிள்ளை போன வீட்டில் மற்றப் பிள்ளையைக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் எனக்கு அனுமதியும் கிடைத்தது.

கமலாசனி பெரியம்மா இரண்டு மாதம் பாயை விட்டு எழும்பவில்லை. பெரியப்பா என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். என்னில் கோபமாக்கும் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அனுமதி எடுக்க எட்டு மாதம் அலைந்தவர் அவர்தான். வெளிக்கிடும்போது உங்கள் கடிதம் ஒன்று அலுமாரியில் கிடந்தது, வாசித்தேன். அப்பா, நீங்கள் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

அன்பு மகன்
தர்சன்


பில்பாவோ
02.03.2008

என் அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தர்சனின் கடிதம் கிடைத்தது. அதன் பிறகு மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஜூலை மாதத்துக் கடிதத்தின் அடியில் மேனுகாவின் எழுத்து இல்லை. அது என் கண்ணில் படவேயில்லை, அண்ணா. என் பிள்ளையைத் தேடினேனே தவிர உங்கள் பிள்ளையைத் தேடவில்லை.

அட்டையில் பெயரை ஏற்றச் சொன்னதும் நான். மச்சாள் கத்தியபோது சிரித்ததும் நான். நீங்கள் ஒரு தரமாவது அதை எடுத்துச் சொல்லிக் காட்டவில்லை. உங்கள் பெருந்தன்மைக்கு முன்னால் நான் தூசு. நான் ஏசி எழுதிய அந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள். என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தம்பி
தவராசா


செட்டிகுளம் முகாம்
05.08.2009

தம்பி தவராசாவுக்கு,

நானும் உன் அண்ணியும் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் மன்னிப்புக் கடிதம் போன வருடம் வைகாசியில் கிடைத்தது. சண்டை நெருங்கி அக்கராயனை விட்டு வெளிக்கிட்ட பிறகு பதினொரு இடத்தில் இருந்தோம். வீடு, மாடு, நெல்லு எல்லாம் போயிற்று. குடும்ப அட்டையோடு உன் கடிதத்தையும் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். அதை எறிய முடியவில்லை, பதில் எழுதவும் முடியவில்லை. மேனுகாவை ஜனவரியில் விசுவமடுவில் கண்டதாக ஒரு பிள்ளை சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நீ என்னைச் சந்தேகப்பட்டாய். அது சரியான சந்தேகம்.

அந்த மே மாதம் ஆள் சேர்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தார்கள். "ரெண்டு பேர் இருக்கினம். ஆர் எண்டு நீங்களே எழுதித் தாங்கோ ஐயா" என்று ஒரு தாளை வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைவரை தவணை தந்தார்கள். நான் அன்றைக்கே எழுதினேன். ஒரு கிழமை யோசிக்கவுமில்லை, உன் அண்ணியிடம் கேட்கவுமில்லை. என் கையால் தர்சனின் பெயரை எழுதி, அலுமாரியில் உடுப்புக்குக் கீழே வைத்தேன். அவன் ஆம்பிளைப் பிள்ளை, ஓடித் தப்புவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் உன் பிள்ளை, இவள் என் பிள்ளை. அவ்வளவுதான்.

பட்டியலென்றால் அவள்தான் எழுதுகிறவள் என்று உனக்குத் தெரியும். நான் பேனை எடுத்ததே அவளுக்குச் சந்தேகமாக இருந்திருக்கும். தாளைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் எழுதியதை ஒரு கோடு போட்டு வெட்டி, கீழே தன் பெயரை எழுதி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தத் தாளை வாங்கினவர்தான் பின்னேரம் என்னிடம் காட்டினார். "உங்கட மகள் திருத்தினவ, ஐயா. சரிதானே?" என்று கேட்டார். வெட்டின பெயர் தெளிவாகத் தெரிந்தது. நான் ஓம் என்றேன். அந்த ஓமைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாளா, தர்சன் போயிருப்பானா என்று இன்றைக்கும் தெரியாது.

உன் கொல்டோ கதையை வாசித்தபோது, நீ எங்கோ இருந்து எல்லாவற்றையும் கண்டுவிட்டாய் என்று நடுங்கினேன். பிறகு நீ என்னைப் பெருந்தன்மை உள்ளவன் என்று எழுதினாய். நீ ஏசியதைத் தாங்கினேன், அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மன்னிப்புக் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். அது எனக்குரியதல்ல.

உன் அண்ணிக்கு எல்லாம் தெரியும். தர்சனுக்குத் தெரியாது. அவன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பூவரசங்குளத்திலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டு வருகிறான். முகாமின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்பான். "பெரியப்பா, அக்காவைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனியளோ?" என்பான். போன கிழமை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நானெல்லோ போயிருக்க வேணும்" என்று அழுதான். பார்சலை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கு வந்தேன். உன் அண்ணி தொடவில்லை. நான் சாப்பிட்டேன். மீன் குழம்பு, ருசியாகத்தான் இருந்தது.

அவனுக்கு இதைச் சொல்வதா விடுவதா என்று நீதான் எழுத வேண்டும். எனக்குத் தைரியமில்லை.

நாளைக்கு வியாழக்கிழமை. அவன் வருவான்.

ஐயாத்துரை